மூன்று தவ்

டீக்கடையில் யாராவது அவர் மேல் டீயைக் கொட்டிவிட்டால் அவர்தான் மன்னிப்புக் கேட்பார். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நாமக்கல்லில் எங்கள் கடைக்கு எதிரே ஒரு டீக்கடை உண்டு. அங்கே ஒரு லாரி டிரைவர் போன் பேசிக்கொண்டே திரும்பினார். கையில் இருந்த டம்ளர் மொத்தமும் இவர் தொடையில் கொட்டியது. டிரைவர் பதறிப்போய்த் தண்ணீர் எடுக்க ஓடினார். இவர் காக்கி பேண்ட்டை உதறிக்கொண்டே சொன்னார்:

"உடுங்க சாமி. நாந்தானுங்க வழியில நின்னுட்டேன்."

சொல்லும்போது வலது கை விரல்களால் நெஞ்சில் மெதுவாக இரண்டு தட்டுத் தட்டினார். அது அவர் பழக்கம். எந்தத் தப்பு நடந்தாலும் அந்த இரண்டு தட்டு விழும்.

அவர் ஒரு மெக்கானிக். மோகனூர் ரோட்டில் வாடகை ஷெட்டில் பட்டறை வைத்திருந்தார். பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால், எழுத வைத்தது தன் தப்பு என்று சொல்வார்.

நான் பேக்கிங் வெட்டும் கடையில் வேலை செய்கிறேன். இன்ஜினில் இரண்டு இரும்புப் பாகங்கள் சேருகிற இடத்தில் எண்ணெயும் தண்ணீரும் கசியாமல் நடுவில் வைக்கிற தகடுதான் பேக்கிங். பழையதைக் கொண்டுவந்து கொடுத்தால் அதேபோலப் புதிதாக வெட்டிக் கொடுப்போம். பத்தாவது வரை படித்தேன். ஆட்களோடு பேச எனக்கு வராது. முதலாளி முன்னால் உட்கார்ந்து பேசுவார். நான் பின்னால் மரக்கட்டையின் மேல் தகட்டை வைத்து உளியால் வெட்டுவேன். இருபத்தாறு வருடமாக அப்படித்தான் போகிறது.

அவர் பட்டறையைப் பற்றி எங்கள் முதலாளி சொல்லுவார்: "அங்க தப்பு மொத்த வியாபாரமுங்க. ஊருத் தப்பையெல்லாம் அவரு ஒருத்தரே எடுத்துக்குவாரு."

விளையாட்டுக்குச் சொன்னாலும் நடந்தது அதுதான். ஒரு முறை ராசிபுரத்து லாரி ஒன்று இன்ஜின் இறுகிப்போய் அவரிடம் வந்தது. டிரைவர் ரேடியேட்டரில் தண்ணீர் இல்லாமல் ஓட்டிவிட்டார். அது டிரைவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. லாரிக்காரர் வந்து நின்று, "எப்படிங்க ஆச்சு?" என்று கேட்டார். டிரைவர் வாயைத் திறப்பதற்குள் இவர் நெஞ்சில் தட்டிவிட்டார். "போன வாட்டி வந்தப்பவே தண்ணி ஹோஸ் கிளாம்ப் மாத்தச் சொல்லியிருக்கோணுமுங்க. நாஞ் சொல்லாம உட்டுட்டேன்."

டிரைவரின் வேலை பிழைத்தது. அடுத்த மாதம் லாரிக்காரர் வண்டியை வேறு பட்டறைக்கு அனுப்பினார். அதிலும் தவறு சொல்ல முடியாது. தன் தப்பு என்று தானே சொல்கிற மெக்கானிக்கிடம் யார் வண்டியை விடுவார்கள்? டிரைவர்கள் அவரைத் தேடி வந்தார்கள். முதலாளிமார் விலகிப் போனார்கள். வேலை சுத்தமாக இருந்தும் பட்டறை பெருகாததற்கு இதுதான் காரணம்.

அவர் வீட்டுக்காரம்மா மத்தியானம் தூக்குப்போசியில் சோறு கொண்டுவருவார். நான் அங்கே பேக்கிங் கொடுக்கப் போயிருந்த ஒரு நாள் என்னைப் பார்த்து, "காத்தால இருந்து கரண்டு இல்லீங்க தம்பி. இவிங்க கரண்டாபீசுக்கே போயி, எம்மேலதான் தப்புன்னு எழுதிக் குடுத்துட்டு வருவாங்க, பாருங்க" என்றார். அவர் சிரித்துக்கொண்டே கையைக் கழுவினார். முதலில் மண்ணெண்ணெய், அப்புறம் சோப்பு, அப்புறம் வெறும் தண்ணீர். அதன்பிறகுதான் சோற்றையும் தொடுவார், பேக்கிங்கையும் தொடுவார்.

அன்றைக்கு அந்த அம்மா போன பிறகு கேட்டேன். நான் வாய் திறந்து கேள்வி கேட்ட மனிதர்கள் குறைவு. "எதுக்குங்ணா எல்லாத்தையும் உங்க மேல போட்டுக்கறீங்க?"

"ஆரு தப்புன்னு பேச ஆரம்பிச்சா மத்தியானம் ஆயிருமுங்க தம்பி. நாலு பேரு நாலு கதை சொல்லுவாங்க. ஒரு போல்ட்டும் கழண்டிருக்காது. நாந்தான்னு சொல்லிட்டா ஸ்பேனரக் கையில எடுத்தரலாம்."

அப்போது அது எனக்கு நல்ல பதிலாகத் தெரிந்தது.

ஷெட்டின் சொந்தக்காரர் அந்த இடத்தில் மண்டபம் கட்டப்போவதாகச் சொல்லி, தை மாதத்துக்குள் காலி செய்யச் சொன்ன வருடம் அது. வேறு இடம் அமையவில்லை. அந்தச் சமயத்தில்தான் கோழிப்பண்ணைக்காரர் ஒருவர் பழைய கார் ஒன்றைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்.

அறுபது வருடத்துக்கு முந்தைய கார். பண்ணைக்காரரின் அப்பா வாங்கியது. கோழித்தீவன மூட்டைகளுக்கு நடுவே பல வருடம் நின்றிருந்தது. அப்பாவுக்கு எண்பது வயது நிறைகிறது. மோகனூர்ப் பக்கம் குலதெய்வம் கோயிலுக்கு அன்றைக்கு அவரை அந்தக் காரிலேயே கூட்டிப்போக வேண்டும் என்று மகனுக்கு ஆசை.

"இது மட்டும் ஓடுச்சுன்னா தீவன மில்லுக்குப் பக்கத்துல என்ற ஷெட்டு சும்மாதான் கெடக்குது. அத எடுத்துக்கங்க மேஸ்திரி. முட்டை வண்டி ஆறும் உங்க கையிலதான்" என்றார் பண்ணைக்காரர். இதை மேஸ்திரியே என்னிடம் சொன்னார். சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். வீட்டில்கூட இன்னும் சொல்லவில்லையாம்.

இன்ஜினைப் பிரித்த பிறகு மாற்ற வேண்டிய சாமான் எல்லாம் கிடைத்தது, ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. அந்தக் காலத்து இன்ஜினில் சிலிண்டர் நான்கும் தனித்தனிக் குழாய்களாக இருக்கும். அவற்றை மேலிருந்து உள்ளே இறக்க வேண்டும். குழாயின் அடியில் ஒரு செம்புத் தகடு உட்காரும். அதுதான் ஸ்பேசர். ஒரு தகட்டில் இரண்டு குழாய் நிற்கும் என்பதால் எட்டு என்ற எண் போல இருக்கும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. அந்தத் தகட்டின் கனத்தைப் பொறுத்துத்தான் குழாயின் தலை இன்ஜினுக்கு மேலே துளி தூக்கி நிற்கும். நாலு தவ் தூக்கி நிற்க வேண்டும். தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அவ்வளவு தூக்கி நின்றால்தான் மேல்மூடியை இறுக்கும்போது பேக்கிங் பிடிக்கும். இல்லாவிட்டால் தண்ணீர் எண்ணெயில் இறங்கும்.

அதைத் தேடி அவர் அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல. சேலத்தில் பழைய சாமான் கடைகள், கோயம்புத்தூர், அப்புறம் சென்னை. எல்லா இடத்திலும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இப்படி ஒரு சாமானே இருக்குதுங்களா?" என்று கேட்டார்களாம். பண்ணைக்காரரின் மகள் வெளிநாட்டில் இருந்தார். போனில் படம் அனுப்பி, அங்கிருந்து ஒரு ஜோடி வரவழைத்தார்கள். வந்து சேர ஒரு மாதம் ஆனது. வட்டம் சிறியதாக இருந்தது. அதே கம்பெனியின் வேறு இன்ஜினுக்கானது.

"நான் போட்டோவ நேரா எடுக்கலீங்க" என்று நெஞ்சில் தட்டிக்கொண்டார்.

மார்கழி பிறந்துவிட்டது. அவர் எங்கள் கடைக்கு வந்தார். எல்லோரும் முதலாளியிடம் சொல்லிவிட்டுப் போவார்கள். அவர் ஒருவர்தான் பின்னால் நான் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கே வருவார். ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்துப் பழைய எட்டு இரண்டையும் வைத்தார். கறுத்து, ஓரம் அரித்துப் போயிருந்தன.

"வடிவத்துக்கு இதப் பாத்துக்கங்க தம்பி. கனத்துக்கு இத நம்பாதீங்க. இத்தன வருசம் அமுங்கியே கெடந்துது. பதினேழுதான் நிக்குது. நமக்கு இருபது வேணும்."

சேலத்திலிருந்து இருபது தவ் செம்புத் தகடு வாங்கி வந்திருந்தார். இரண்டு எட்டுக்குச் சரியாக இருந்தது, மிச்சம் இல்லை. கொடுத்துவிட்டு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

முதல் எட்டு நன்றாக வந்தது. இரண்டாவதில் உள்வட்டத்தை வெட்டும்போது, இரண்டு வட்டமும் சேருகிற ஒடுக்கமான இடத்தில் உளி வழுக்கியது. தகடு கிழிந்துவிட்டது.

கடையின் முன்னால் ஐந்தாறு பேர் இருந்தார்கள். அவர் முதலாளியோடு டீ குடித்துக்கொண்டிருந்தார். "உங்க ஆளு கை மாதிரி இந்த ஊருல கை கெடையாதுங்க" என்று சொல்வது எனக்குக் கேட்டது. நான் எழுந்து முன்னால் போய், அத்தனை பேர் நடுவில், கிழித்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். நாளைக்குச் சேலம் போய் வேறு தகடு வாங்கி வந்தால் முடிந்தது. இரண்டு முறை எழுந்தேன். இரண்டு முறையும் உட்கார்ந்தேன்.

அலமாரியில் ஒரு செம்புத் துண்டு கிடந்தது. மைக்ரோமீட்டரில் வைத்துப் பார்த்தேன். பதினேழு. பழைய எட்டின் மேல் வைத்துப் பார்த்தேன். சரியாக ஒத்துப்போனது. பழசோடு ஒத்துப்போனால் கொடுத்துவிடலாம் என்பதுதான் எங்கள் கடையின் வழக்கம். இருபத்தாறு வருடமாக அந்த வழக்கத்தில்தான் வெட்டுகிறேன். அவர் நம்பாதே என்று சொன்ன பழசோடு ஒத்துப் பார்த்துவிட்டு அந்தத் துண்டிலேயே வெட்டினேன்.

இன்னொன்றையும் நினைத்துக்கொண்டேன். அளக்காமல் அவர் எதையும் மாட்ட மாட்டார். சட்டைப்பையில் எப்போதும் மெல்லிய அளவுத் தகடுகள் கொண்ட ஃபீலர் கேஜ் இருக்கும். அளந்தால் தெரிந்துவிடும், திருப்பிக் கொண்டுவருவார். அப்போது ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம்.

இரண்டையும் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தேன். "நல்லா இருக்குதுங்க தம்பி" என்று சொல்லி வாங்கிக்கொண்டார்.

ஒரு நாள் போனது. இரண்டு நாள் போனது. அவர் வரவில்லை. ஐந்தாம் நாள் இன்ஜின் ஓடுகிறது என்று முதலாளி சொன்னார். சாயங்காலம் போய்ப் பார்த்தேன். தையல் மிஷின் போலச் சத்தம். மேல்மூடியின் மேல் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்திருந்தார். தண்ணீர் அலுங்கவே இல்லை. "கேளுங்க தம்பி" என்றார். கேட்டேன். அளந்திருப்பார், மூன்று தவ்தானே என்று விட்டிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

எண்பதாம் நிறைவு நாளன்று கார் கிளம்பியது. பின்னால் சொந்தக்காரர்களின் கார்கள் ஏழெட்டு. கோயிலுக்கு நாலு கிலோமீட்டர் இருக்கும்போது பின்னாலிருந்து வெள்ளைப் புகை வந்து, கார் நின்றுவிட்டது. பெரியவர் பட்டு வேட்டியோடு வெயிலில் இறங்கி நின்றாராம். பிறகு மருமகன் கார் ஒன்றில் ஏறிப் போனாராம். எண்ணெய் பால் விட்ட டீ போல ஆகியிருந்தது என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் முதலாளி என்னிடம் புது மேல்மூடி பேக்கிங்கைக் கொடுத்து அனுப்பினார். நான் போனபோது மூடியைக் கழற்றியிருந்தார். பண்ணைக்காரரும் அவர் தம்பியும் நின்றிருந்தார்கள். அவர் குழாய்களின் தலைமேல் எஃகு ஸ்கேலை வைத்து, அதற்கும் இன்ஜினுக்கும் நடுவே ஃபீலர் கேஜை நுழைத்தார். முன்னால் இரண்டில் நாலு தவ் நுழைந்தது. பின்னால் இரண்டில் இருக்கிறதிலேயே மெல்லிய ஒன்றரைத் தவ் தகடுகூட நுழையவில்லை.

பின் குழாய் இரண்டையும் தூக்கி, அடியிலிருந்து எட்டை எடுத்தார். துணியால் துடைத்தார். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஒரு முறை தடவினார். தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். அவ்வளவுதான். ஒரு மூச்சு நேரம்கூட இருக்காது.

பண்ணைக்காரர் கேட்டார்: "என்னங்க மேஸ்திரி, சாமான் சரியில்லீங்களா? ஆரு வெட்டுனது?"

நான் அங்கேதான் நின்றிருந்தேன். கையில் பேக்கிங் இருந்தது.

அவர் நெஞ்சில் இரண்டு தட்டுத் தட்டினார். "சாமான் நல்ல சாமானுங்க. என்ற மேலதான் தப்பு. முன்னால ரெண்ட அளந்தேன். பின்னால ரெண்ட அளக்காம மாட்டிப்போட்டேன்."

பண்ணைக்காரர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எங்கப்பா ராத்திரி சாப்பிடவே இல்லீங்க" என்றார். பிறகு, "ஷெட்டுக்கு வேற ஆளு பாத்துக்கறனுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார்.

"பேக்கிங் கொண்டாந்திருக்கறனுங்க" என்று சொல்லி மேஜைமேல் வைத்தேன். அன்றைக்கு நான் பேசியது அந்த ஒரு வார்த்தைதான்.

தை முடிவதற்குள் அவர் பட்டறையைக் காலி செய்தார். மல்லசமுத்திரம் பக்கம் போர்வெல் போடும் ரிக் வண்டி வைத்திருக்கிற ஒருவரின் கொட்டகையில் கம்ப்ரசர் பிரிக்கிற கூலி வேலைக்குப் போய்விட்டார். காரைக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய்ச் சரி செய்தார்கள். பிறகு ஒரு கல்யாணத்தில் அதைப் பார்த்தேன். பூ கட்டி நின்றது. டிரைவர் கிளப்பியபோது அதே தையல் மிஷின் சத்தம்.

இது நடந்து எட்டு வருடம் ஆகிறது. முதலில் அவரை நினைத்தால் நன்றியாக இருந்தது. அப்புறம் அது மாறியது. வேலை செய்யும்போது உளி கொஞ்சம் வழுக்கினாலும் அந்த நிமிர்ந்த பார்வை நினைவுக்கு வந்தது. சில நாள் அவர் மேல் கோபம்கூட வந்தது. எல்லாத் தப்பையும் எடுத்துக்கொள்கிறவர், மற்றவர்களைச் சின்னப் பிள்ளைகளாக வைத்துவிடுகிறார் என்று தோன்றியது. அந்த ராசிபுரத்து டிரைவர் அடுத்த வருடமே இன்னொரு இன்ஜினையும் தண்ணீர் இல்லாமல் ஓட்டிக் கெடுத்தார் என்று கேள்விப்பட்டேன்.

போன வருடம் துணிந்து பண்ணைக்காரரிடம் போனேன். இரண்டு முறை வாசல் வரை போய்த் திரும்பி, மூன்றாம் முறை உள்ளே போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "அவரே ஒத்துக்கிட்டாரேப்பா. நீ எதுக்கு இப்ப வந்து இதச் சொல்றே? எங்கப்பாவும் போய்ச் சேந்துட்டாரு" என்றார். அவர் வீட்டில் மோர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்தேன்.

மல்லசமுத்திரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளிக் கொட்டகை. அவர் இளைத்திருந்தார். கண்ணாடி போட்டிருந்தார். ஒரு கம்ப்ரசர் வால்வைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "அட, வாங்க தம்பி. நானே நாமக்கல் வரப்போ வந்து பாத்திருக்கோணும்" என்றார்.

அலமாரியில் மிஞ்சிக் கிடந்த செம்புத் துண்டைப் பையிலிருந்து எடுத்து அவர் முன்னால் வைத்தேன். எடுத்து விரலால் தடவினார். மைக்ரோமீட்டர் அவருக்குத் தேவைப்படவில்லை.

"பதினேழு" என்றார்.

"உங்களுக்குத் தெரியுங்களா?"

"அன்னைக்கிப் பிரிச்சப்பவே தெரிஞ்சுதுங்க."

"அப்பறம் ஏங்ணா சொல்லல?"

"சொல்லி? அளக்காம மாட்டுனது ஆருங்க? முன்னால ரெண்டும் சரியா நின்னுது. பின்னால ரெண்டும் நீங்க வெட்டுனதுதானேன்னு உட்டுட்டேன். பெரியவருக்கு நாளு நெருங்கிப் போச்சுன்னு ஒரு அவசரம். அது என்ற தப்புதானுங்களே." கை நெஞ்சுக்குப் போனது.

நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்படி யாரையும் நான் தொட்டதில்லை.

"இல்லீங்ணா. தகட்டக் கிழிச்சது நானு. தெரிஞ்சே பதினேழுல வெட்டுனது நானு. அன்னைக்கி வாய மூடிட்டு நின்னதும் நாந்தான். இது ஒண்ணையாச்சும் எங்கிட்ட உட்டுருங்க."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கொட்டகைக்குள் யாரோ இரும்பைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு செம்புத் துண்டை எடுத்தார். துணியால் இருபுறமும் துடைத்து என் கையில் வைத்தார்.

"சரிங்க தம்பி. வெச்சுக்கங்க" என்றார்.

அதன்பிறகு வீட்டு விஷயம் பேசினோம். அவர் வீட்டுக்காரம்மாவுக்கு முழங்கால் வலியாம். மகளுக்கு ஈரோட்டில் வேலையாம். பஸ் ஏற்றிவிடுகிறேன் என்று சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே வந்தார். அவரால் மெதுவாகத்தான் நடக்க முடிந்தது. ரோட்டுக்கு வரும்போது நாமக்கல் பஸ் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. கை காட்டினோம். நிற்கவில்லை.

அவர் புழுதியைப் பார்த்துக்கொண்டு நின்றார். நெஞ்சில் இரண்டு தட்டு விழுந்தது.

"நாந்தானுங்க பேசிப் பேசி உங்களுக்குப் பஸ்ஸ உட வெச்சுட்டேன்."

அடுத்த பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. நிழல் பார்த்து இரண்டு பேரும் உட்கார்ந்தோம்.